உடம்பு மாடலும் திசு ஸ்லைடு பெட்டியும்: ஆறு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதறேன்

வீட்டுல பயாலஜி டியூஷன் எடுக்கறேன், பதினொண்ணு பன்னெண்டு படிக்கற பசங்க ஒரு பத்து பேரு வருவாங்க. ஜூன்ல ஸ்கூல் தொறந்த கையோட ஆன்லைன்ல ரெண்டு சாமான் ஆர்டர் போட்டேன். ஒண்ணு 42 செ.மீ உயர டார்ஸோ மாடல், அதான் கை கால் இல்லாம தலையும் உடம்பும் மட்டும் இருக்குமே, நெஞ்சைத் தொறந்தா உள்ள இருக்கறத ஒவ்வொண்ணா கழட்டி மாட்டலாம், 2,900 ரூபா. இன்னொண்ணு 25 ஸ்லைடு இருக்கற பெட்டி, 750 ரூபா. மைக்ராஸ்கோப் ஏற்கெனவே பழசு ஒண்ணு இருந்துச்சு. கடை பேரு வேணாம், சண்டை முடிஞ்சு போச்சு.

முதல்ல மாடல். பார்சல் பிரிச்சதும் பசங்களுக்கு ஒரே குஷி, மூளைய பாதி கழட்டி கையில வெச்சுக்கிட்டு செல்ஃபி எடுத்தாங்க. பெயிண்ட் நல்லாவே இருக்கு, மூக்கைப் பிடிக்கற பிளாஸ்டிக் நாத்தம் மட்டும் ஒரு வாரம் போகல. நல்லதை முதல்ல சொல்லிடறேன், வலது கிட்னிய இடதை விட கொஞ்சம் கீழ வெச்சிருக்கான், ஈரல் மேல அழுத்தறதால நிஜத்துலயும் அப்படித்தான் இருக்கும், இந்த விலைக்கு அதை நான் எதிர்பாக்கவே இல்ல. ஆனா அதே ஆளு நுரையீரல்ல கோட்டை விட்டுட்டான். வலது பக்கம் மூணு மடல், இடது பக்கம் ரெண்டு, இதயத்துக்கு இடம் விடணும்ல. இதுல ரெண்டு பக்கமும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி ரெண்டு ரெண்டு மடல். நீட்ல கேட்டா இதைப் பாத்த பையன் தப்பாத்தான் போடுவான். நான் மார்க்கர் எடுத்து வலது பக்கம் ரெண்டாவது கோட்டை நானே வரைஞ்சு மூணு மடலாக்கிட்டேன்.

கூட வந்த சார்ட் அதை விட மோசம், கணையத்துல ஒட்டியிருக்கற நம்பரைப் போய் சார்ட்ல பாத்தா மண்ணீரல்னு போட்டிருக்கு. மூணாவது வாரம் ஈரலைத் தாங்கற பிளாஸ்டிக் முள்ளு உடைஞ்சுது. கஸ்டமர் கேர்ல பேசினா பார்ட்ஸ் தனியா அனுப்ப மாட்டோம், முழுசா ரிட்டர்ன் பண்ணுங்கன்னாங்க, அதுக்குள்ள ரிட்டர்ன் டைமும் முடிஞ்சு போச்சு. ஃபெவிக்விக் போட்டு ஒட்டினேன், இப்போ ஈரல் கழட்ட வராது. உடம்புக்குள்ள இருக்கறதுலயே பெருசு அதுதான், நிஜத்துல கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ, அது ஒட்டிக்கிட்டு நின்னா பின்னாடி இருக்கற இரைப்பையவும் காட்ட முடியல.

எனக்கு ரொம்ப கடுப்பானது குடல்தான். சிறுகுடல் பெருங்குடல் ரெண்டும் சேர்ந்து ஒரே கட்டியா வார்த்து வெச்சிருக்கான், உளுந்து வடை மாவு மாதிரி. அதைப் பாத்து எந்தப் பையனுக்கும் நீளம் புரியாது. அப்புறம் பீரோவுல இருந்து ஒரு பழைய புடவைய எடுத்தேன், ப்ளவுஸ் பிட் வெட்டாதது, ஆறேகால் மீட்டர் வரும். சிறுகுடலும் சுமாரா 6 மீட்டர். ரெண்டு பசங்க ஆளுக்கொரு முந்தி பிடிச்சாங்க, ஒருத்தன் ஹால்ல நின்னா இன்னொருத்தன் வராண்டா தாண்டி செருப்பு விடற இடத்துக்குப் போயிட்டான். இதைத்தான்டா ஒரு சாண் வயித்துக்குள்ள மடிச்சு வெச்சிருக்குன்னேன். எவனும் பேசல. 2,900 ரூபா செய்யாததை கிழிஞ்ச புடவை செஞ்சுது.

மாடல் வந்த அட்டைப்பெட்டி மேல எல்லா உறுப்பு மண்டலமும் இருக்குன்னு போட்டிருக்கு, அது பொய். செரிமானம், சுவாசம், கழிவு நீக்கம் இருக்கு, இதயம் இருக்கு, மூளை பாதி இருக்கு. தசை இல்ல, நிணநீர் மண்டலம் இல்ல, தைராய்டு பெயிண்ட்ல கூட இல்ல. உடம்போட பெரிய உறுப்பே தோல்தான், இதுல அது வெறும் டப்பா மூடி. இனப்பெருக்க மண்டலத்தை சுத்தமா துடைச்சு விட்டிருக்கான், பன்னெண்டாவதுல பாடமே அதுல இருந்துதான் ஆரம்பிக்குது. எங்க மாமியாருக்கு மட்டும் அதுல நிம்மதி. இருந்தாலும் ராத்திரி ஆனா அது மேல துண்டைப் போட்டு மூடிடறாங்க, கண்ணு தொறந்தே இருக்காம்.

இப்போ ஸ்லைடு பெட்டி. நான் கண்டுக்காம சேர்த்து வாங்கினது இதுதான். 25ல ஒரு பத்து தாவரத்தோடது, ரெண்டு பூச்சி கால், அதெல்லாம் விடுங்க. மீதியில சிறுகுடலைக் குறுக்கா வெட்டின ஸ்லைடு ஒண்ணு இருக்கு பாருங்க, அதுக்கு மட்டுமே 750 குடுக்கலாம்.

பசங்களுக்கு திசு வேற உறுப்பு வேறன்னு புரிய வைக்கறது லேசுப்பட்ட வேலை இல்ல. எபிதீலியம் (மேல மூடியிருக்கற திசு), இணைப்பு, தசை, நரம்புன்னு நாலையும் கடகடன்னு ஒப்பிப்பான், சரிடா இரைப்பை எந்த திசுன்னு கேட்டா முழிப்பான். இந்த ஒரே ஸ்லைடை லோ பவர்ல வெச்சு வெளியில இருந்து உள்ள நகர்த்துங்க. முதல்ல தசை, அதுலயே ரெண்டு அடுக்கு, வெளியில இருக்கறது நீளவாக்குல ஓடும், உள்ள இருக்கறது வளையமா சுத்தும், ரெண்டும் மாறி மாறி இறுக்கித்தான் சாப்பாட்டைத் தள்ளுது. அதுக்கு உள்ள ரத்தக்குழாயோட தளதளன்னு இணைப்புத் திசு. அதுக்கும் உள்ள குடலுறிஞ்சி விரல் விரலா நீட்டிக்கிட்டு நிக்கும், ஒவ்வொரு விரல் மேலயும் தூண் மாதிரி செல்லுங்க வரிசை கட்டி நிக்குது, அதுதான் எபிதீலியம், நடுநடுவுல வெள்ளையா வீங்கினாப்ல தெரியறது சளி சுரக்கற கோப்பை செல். நரம்பு இந்த ஸ்லைடுல தெரியாது, ரெண்டு தசை அடுக்குக்கும் நடுவுல அது இருக்குன்னு வாயால சொல்லிக்கணும். நாலும் ஒண்ணா சேர்ந்தாத்தான் குடல்னு அன்னிக்கு எல்லாருக்கும் ஏறிடுச்சு. வார லீவுல கறிக்கடையில போட்டி வாங்கி கழுவினா அந்த சொரசொரப்பு கையிலயே தெரியும்டான்னு சொன்னேன், ஒரு பொண்ணு அடுத்த நாள் வந்து ஆமா மிஸ் தெரிஞ்சுதுன்னா.

ஒரு பையன் நம்ம உடம்பு உள்ள இந்த பிங்க் ஊதா கலரா மிஸ்னு கேட்டான். இல்லடா, அது சாயம், இல்லன்னா கண்ணாடி மாதிரி ஒண்ணும் தெரியாது. ஊதா ஹீமட்டாக்ஸிலின், மெக்சிகோ பக்கத்து மரக்கட்டையில இருந்து எடுக்கறது, நியூக்ளியஸைப் பிடிக்கும். பிங்க் இயோசின், மீதியைப் பிடிக்கும். எலும்புத்தசை ஸ்லைடும் சுத்தமா இருக்கு, குறுக்கு வரி அப்படியே தெரியுது, ஓரத்துல வரிசையா நியூக்ளியஸ். இதயத் தசை ஸ்லைடு கொஞ்சம் தடிமனா வெட்டிட்டான், கிளை பிரியறது தெரியுது, செல்லும் செல்லும் சேர்ற இடத்துல கோடு மாதிரி இருக்கற இடைத்தட்டைக் கண்டுபிடிக்க கண்ணு வலிச்சுப் போச்சு.

இப்போ பெரிய பிரச்சனைக்கு வரேன். மனித ரத்தம்னு லேபிள் ஒட்டின ஸ்லைடை 400 மடங்குல வெச்சு போன் கேமராவுல காட்டினேன். பின் பெஞ்சு பையன், வாயே தொறக்காதவன், மிஸ் எல்லா சிவப்பு செல்லுலயும் நடுவுல கருப்பா புள்ளி இருக்கேன்னான். பாத்தா நிஜமாவே எல்லாம் முட்டை வடிவத்துல நடுவுல நியூக்ளியஸோட உக்காந்திருக்கு. நம்ம சிவப்பணு வட்டமா, நடுவுல வெளுத்து இருக்கும், முதிர்ந்ததுல நியூக்ளியஸே கிடையாது, 120 நாள் ஓடிட்டு முடிஞ்சுடும். இது தவளையோ கோழியோ, யாரு கண்டா. ஒட்டகத்துக்குக் கூட முட்டை வடிவம்தான், ஆனா அதுலயும் நியூக்ளியஸ் இருக்காது. கடைக்காரருக்கு போட்டோ அனுப்பினா மேடம் எல்லா ரத்தமும் ஒரே மாதிரிதானேன்னு பதில். நான் அந்த ஸ்லைடைத் தூக்கிப் போடல, இப்போ வருஷா வருஷம் பசங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லறதுக்குன்னே வெச்சிருக்கேன். ரத்தமும் ஒரு இணைப்புத் திசுதான்ங்கறதையும் அதே சாக்குல சொல்லிடலாம்.

மாடலுக்கு அஞ்சுக்கு ரெண்டரை. ஸ்லைடு பெட்டிக்கு நாலு, ரத்தம் சரியா இருந்திருந்தா அஞ்சே குடுத்திருப்பேன். காசு கம்மியா இருக்கறவங்க மாடலை விட்டுட்டு பெட்டி மட்டும் வாங்குங்க, புடவை வீட்டுல இருக்கு. பார்சல் வந்த அன்னிக்கே முதல்ல ரத்த ஸ்லைடை எடுத்துப் பாருங்க, சிவப்பு செல் எல்லாத்துலயும் புள்ளி இருந்துச்சுன்னா அன்னிக்கே ரிட்டர்ன் போட்டுடுங்க, ஏழு நாள்தான் டைம் குடுக்கறாங்க.