சிக்னல் இல்லாத லயத்திலும் ஜீன் வடிவமைக்கலாம்: ‘ஏப்’ மென்பொருள்

பேராதனையில் மூலக்கூற்று உயிரியல் படிக்கிறேன். விடுமுறைக்கு மஸ்கெலியா தேயிலைத் தோட்டத்துக்கு வந்தால், எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் நின்று போனைத் தூக்கிப் பிடித்தால்தான் ஒரு கோடு சிக்னல். முன்பு ஜீன் வடிவமைக்க, பிரவுசரில் ஓடும் வேறொரு மென்பொருள் வைத்திருந்தேன். அடைமழை இரவொன்றில் இணைப்பு அறுந்து இரண்டு மணி நேர வேலை போய்விட்டது. அழுதே விட்டேன்.

டிஎன்ஏ எழுத்து வரிசையை எழுதித் திருத்த உதவும் ‘ஏப்’ (ApE) இலவசம். யூட்டா பல்கலைக்கழகத்து வெய்ன் டேவிஸ் எழுதியது. ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும், இணையம் இல்லாமலே ஓடும். என் பழைய மடிக்கணினிகூடத் திணறவில்லை.

பாக்டீரியாவுக்குள் வைக்க ஒரு ஜீன் எழுதி, இரு முனையிலும், டிஎன்ஏவை வெட்டும் ஈகோ-ஆர்-ஒன் என்ற நொதிக்கான வெட்டிடம் வைத்தேன். வெட்டிடங்களைத் தேடச் சொன்னால், நடுவிலும் ஒன்று: அந்த நொதி வெட்டும் ஜிஏஏடிடிசி என்ற ஆறெழுத்து வரிசை. அப்படியே ஜீனைச் செய்துதர ஓர்டர் கொடுத்திருந்தால், நொதி வெட்டும்போது ஜீன் இரண்டு துண்டாகியிருக்கும்! ஜிஏஏ-வை ஜிஏஜி ஆக்கினேன். இரண்டுமே குளுட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்தின் கோடான்தான் (அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து), புரதம் மாறாது. ஆர்ஜினின் என்ற இன்னொரு அமினோ அமிலத்துக்கு 6 கோடான்கள்; அவற்றில் ஏஜிஏ, ஏஜிஜி இரண்டையும் ஈ.கோலை பாக்டீரியா அரிதாகவே பயன்படுத்தும். அவற்றையும் தேடிப் பிடித்து சிஜிடி ஆக்கினேன்.

கண்ணைப் பறிக்கும் தோற்றம் கிடையாது, எனக்கு அது தேவையுமில்லை. பிளாஸ்மிட் (ஜீனைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏ) வரைபடம் மட்டும் வண்ணத்தில் அழகாக வரும். கொழுந்தெடுத்து வந்த அம்மா எட்டிப் பார்த்து, “என்னா புள்ள இது, வளையல் மாதிரி?” என்று கேட்டார். பக்கத்தில் உட்காரவைத்து, என் ஜீன் எந்த இடத்தில் இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டினேன்.