ஆறு மாதத்துக்கு ஒருமுறை டேட்டாபேஸ் ‘கரப்ட்’ ஆகிறதா? பில்லைக் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஆரக்கிள் டேட்டாபேஸில் ஓடும் ஈஆர்பி (கம்பெனியின் எல்லா வேலையையும் ஒரே இடத்தில் பார்க்கும்) சாஃப்ட்வேர் வைத்திருக்கும் சின்ன, நடுத்தரக் கம்பெனிகளுக்காக இதை எழுதுகிறேன். அரை வருடத்துக்கு ஒருமுறை, சொல்லி வைத்தாற்போல் சாஃப்ட்வேர் திறக்காமல் போகிறது. சர்வீஸ்காரர் வந்து “டேட்டாபேஸ் கரப்ட் ஆயிடுச்சு, ரெக்கவரி பண்ணணும்” என்கிறார். உங்களுக்கும் அப்படி நடந்தால் உடனே பணத்தை எடுத்து நீட்டாதீர்கள். எங்களிடம் அப்படிச் சொல்லித்தான் கறந்தார்கள்.

எங்களுடையது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. நூல் வரவு, கட்டிங், பேக்கிங், சம்பளம், இன்வாய்ஸ் எல்லாமே அந்தச் சாஃப்ட்வேரில்தான். இன்வாய்ஸ் இல்லாமல் இ-வே பில் இல்லை, இ-வே பில் இல்லாமல் லாரி கேட்டைத் தாண்டாது. கடைசியாக நின்றுபோன அன்று தூத்துக்குடி லோடு ஏற்றி, தார்ப்பாய் கட்டி, வண்டி தயாராக நிற்கிறது. டிரைவர் நிமிடத்துக்கு ஒருமுறை ஆபீஸ் கதவைத் திறந்து, “ஏனுங்ணா, பில்லு ஆச்சுங்களா?” என்கிறார். திரையில் ‘கனெக்‌ஷன் ஃபெயில்டு’ என்று ஒரே ஒரு வரி. எர்ரர் எண்கூட இல்லை.

சர்வீஸ் பையன் வந்தார். சர்வர் ரூமுக்குள் யாரும் வர வேண்டாம் என்றார். “ரெக்கவரி ஓடிட்டிருக்குங்க சார், மதியம் ஆயிடும்” என்றார். மதியம் சரியானது. ‘எமர்ஜென்சி டேட்டாபேஸ் ரெக்கவரி’ என்று 14,000 ரூபாய்க்கு பில், அதன் மேல் 18% ஜிஎஸ்டி. ஏஎம்சி (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) கட்டியிருக்கிறோமே என்று கேட்டால், “ஏஎம்சியில இது கவர் ஆகாதுங்க சார்.”

பிடித்தது எங்கள் அக்கவுண்ட்ஸ் அக்கா. “தம்பி, இதே பில்லு தீபாவளிக்கு முன்னாடியும் வந்துச்சே” என்று ஃபைலை எடுத்துப் போட்டார். அதே வாசகம், அதே தொகை. கோவையில் ஆரக்கிள் டிபிஏவாக (டேட்டாபேஸ் நிர்வாகியாக) இருக்கும் என் மச்சானைக் கூப்பிட்டேன். சாஃப்ட்வேர் தன் எர்ரர்களை சர்வரில் எழுதி வைத்திருந்த லாக் கோப்பைத் திறந்ததுமே சிரித்துவிட்டார். அங்கே இருந்தது ஓஆர்ஏ-28001. பாஸ்வேர்டு காலாவதியாகிவிட்டது என்று அர்த்தம். அவ்வளவுதான்!

ஆரக்கிளில் ஒவ்வொரு யூசரும் ஒரு ‘புரொஃபைலில்’ இருப்பார். பாஸ்வேர்டு எத்தனை நாள் செல்லும், எத்தனை முறை தப்பாக அடித்தால் கணக்கு பூட்டிக்கொள்ளும் என்ற விதிகள் அதில்தான். யாரும் எதையும் மாற்றாவிட்டால் எல்லோரும் ‘டிஃபால்ட்’ புரொஃபைலில் போய் உட்காருவார்கள். 2007-ல் வந்த 11ஜி பதிப்பிலிருந்து அதில் பாஸ்வேர்டின் ஆயுள் 180 நாள். அது முடிந்து முதல் லாகினிலிருந்து 7 நாள் கிரேஸ் டைம். அப்போது 28002 என்ற எச்சரிக்கை வரும். ஆள் லாகின் செய்தால் படித்துவிட்டு மாற்றிக்கொள்வார். சாஃப்ட்வேரே லாகின் செய்யும்போது அதை யார் படிப்பது? கிரேஸ் முடிந்ததும் 28001. உள்ளே டேட்டா ஒரு வரிகூடக் கெடவில்லை. ரீசார்ஜ் முடிந்த சிம்முக்கு டவர் ரிப்பேர் என்று பில் போட்ட கதைதான்.

சரி, புது பாஸ்வேர்டாவது வைத்தார்களா? அதுவும் இல்லை. சாஃப்ட்வேர் தன் பாஸ்வேர்டை வைத்திருக்கும் கான்ஃபிக் கோப்பு, இன்ஸ்டால் செய்த நாளுக்குப் பிறகு தொடப்படவே இல்லை. பழைய பாஸ்வேர்டையே மறுபடி கொடுத்திருக்கிறார்கள். டிஃபால்ட் புரொஃபைலில் அதற்குத் தடை கிடையாது. ஒரே ஒரு கட்டளை, ஒரு நிமிட வேலை.

போனில் சத்தம் போட்டதும், “இனிமே வராம பர்மனென்ட்டா பண்ணித் தர்றோம் சார்” என்று ஆள் அனுப்பினார்கள். அந்த பர்மனென்ட் வேலையை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. பணம் போனதைவிட இதுதான் மோசம். டிஃபால்ட் புரொஃபைலில் ஆயுளை மட்டும் அல்ல, தப்பாக அடிக்கும் முறைகளின் வரம்பையும் ‘அன்லிமிடெட்’ ஆக்கிவிட்டுப் போயிருந்தார்கள். முன்பு 10 முறை தப்பாக அடித்தால் ஒரு நாள் பூட்டிக்கொள்ளும். இப்போது எத்தனை தடவை வேண்டுமானாலும் அடித்துப் பார்க்கலாம். பாஸ்வேர்டு என்ன தெரியுமா? யூசர் பெயரேதான். பேக்கிங் செக்‌ஷன் கம்ப்யூட்டரில் உட்காரும் எவரும் எல்லோருடைய சம்பளத்தையும் பார்க்கலாம், மாற்றலாம்.

மச்சான் சரிசெய்தது இப்படி. சாஃப்ட்வேரின் யூசருக்கு மட்டும் தனி புரொஃபைல். அதில் ஆயுள் அன்லிமிடெட், ஆனால் யாராலும் ஊகிக்க முடியாத நீளமான பாஸ்வேர்டு. ஆட்கள் லாகின் செய்யும் கணக்குகளுக்குப் பழைய 180 நாளும் 10 முறை வரம்பும் திரும்ப வந்தன. பாஸ்வேர்டின் தரத்தைச் சோதிக்கும் ஃபங்ஷனை ஆரக்கிளே ஸ்கிரிப்டாகத் தருகிறது. டிஃபால்ட்டில் அது போடப்பட்டிருக்காது, அதையும் போட்டார். டேட்டாபேஸின் தலைமைக் கணக்கான ‘சிஸ்’ஸின் பாஸ்வேர்டைத் தர முடியாது என்று சர்வீஸ்காரர்கள் முரண்டு பிடித்தார்கள். அதற்கு அவசியமே இருக்கவில்லை. சர்வர் விண்டோஸ், ஓஆர்ஏ டிபிஏ என்ற குரூப்பில் நம் விண்டோஸ் லாகின் இருந்தால் பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே போகலாம்.

பாஸ்வேர்டை மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் குடோனில் ஒரு பழைய கம்ப்யூட்டர் பழைய பாஸ்வேர்டோடு தட்டிக்கொண்டே இருந்து, மொத்தக் கணக்கையும் பூட்டிவிட்டது. அப்போது வரும் எண் 28000. ஆரக்கிள் 19.12 பதிப்பு முதல், பழைய பாஸ்வேர்டும் புதியதும் கொஞ்ச காலம் சேர்ந்தே செல்லும்படி வைக்கும் வசதி இருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்பு என்றால் எல்லாக் கம்ப்யூட்டரையும் தேடிப் பிடித்து மாற்றித்தான் ஆக வேண்டும்.

உங்கள் சர்வரில் டிபிஏ யூசர்ஸ் என்ற பட்டியலை யாரையாவது எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு யூசருக்கு நேரேயும் எந்த புரொஃபைல், என்றைக்குக் காலாவதி என்று இருக்கும். அடுத்த ‘கரப்ஷன்’ தேதியை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ‘ரெக்கவரி’ என்று யாராவது பில் நீட்டினால் எர்ரர் எண்ணை எழுத்தில் கேளுங்கள்.

எங்கள் பணம் இன்னும் வரவில்லை. அடுத்த ஏஎம்சியில் கழித்துக்கொள்கிறோம் என்கிறார்கள். அடுத்த ஏஎம்சியே கிடையாது என்று முதலாளி லெட்டர் அனுப்பிவிட்டார்.