தெரபி அறையா, வகுப்பறையா, வீடா?

தெரபி அறையில், பட்டன் போடப் பழக்கும் பலகையைக் கொடுத்தால் பையன் ஐந்து பட்டனையும் போட்டுவிடுகிறான். பள்ளியில் விளையாட்டு வகுப்பு முடிந்ததும் சட்டையைப் பிடித்தபடி நிற்கிறான். ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்ப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. பலகை மேசைமேல், கண்ணெதிரே இருக்கிறது. சட்டையின் மேல் பட்டனோ கழுத்தடியில், பார்வைக்கு எட்டாது. கூடவே சுற்றிலும் இருபது பேரின் கத்தல். நமக்கு ஒரே வேலை, அவனுக்கு இரண்டு.

ஓரிடத்தில் கற்றது இன்னோரிடத்துக்குத் தானாக வராது என்று நடத்தை ஆய்வாளர்கள் ஸ்டோக்ஸும் பேயரும் 1977லேயே எழுதிவிட்டார்கள். சொல்லிக்கொடுத்துவிட்டு, எப்படியோ பரவிவிடும் என்று நம்பியிருப்பதுதான் வழக்கமாக இருக்கிறது என்பது அவர்கள் சொன்ன குறை. இன்றைக்கும் பெரிதாக மாறிவிடவில்லை.

அதற்காக அறை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சாப்பிடும்போது புரையேறும் பிள்ளைக்கு விழுங்கும் பயிற்சி, பேச்சு வராத பிள்ளைக்கு, தொட்டால் அவனுக்காகப் பேசும் டேப்லெட் செயலியை முதன்முதலில் பழக்குவது போன்றவற்றுக்கு அமைதியும் தேர்ந்த கையும் வேண்டும். ஆனால் பழகிய பிறகு அந்த டேப்லெட் வகுப்புக்கும் மைதானத்துக்கும் பிள்ளையோடு போக வேண்டும். பத்திரமாக இருக்கட்டும் என்று பையிலேயே வைத்துவிட்டால், அது பிள்ளையின் வாயைக் கட்டிப்போட்டது போல.

“வாரம் 40 மணி நேரம் தெரபி கொடுங்கள்” என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். உளவியலாளர் லோவாஸ் 1987ல் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவிய கணக்கு அது. அதில் சேர்ந்தவர்கள் நான்கு வயதுகூட ஆகாத குழந்தைகள். பயிற்சியில் பெரும்பகுதி நடந்ததும் வீட்டில்தான். நாள் முழுக்கப் பள்ளியில் தாக்குப்பிடித்துவிட்டு வரும் ஒன்பது வயதுப் பிள்ளைமேல் அந்த எண்ணைச் சுமத்துவது நியாயமே இல்லை.

சரி, பள்ளிக்குள்ளேயே உதவி என்றால் பெற்றோருக்கு முதலில் தோன்றுவது ஷேடோ டீச்சர், அதாவது வகுப்பில் அந்தப் பிள்ளைக்கென்றே கூட இருக்கும் உதவியாளர். கையோடு ஒருவர் இருப்பது நிம்மதிதான். ஆனால் மாற்றுத்திறன் மாணவர்களின் உதவியாளர்களை வகுப்பறையில் கவனித்து ஆய்வாளர் ஜியாங்கிரெகோவின் குழு 1997ல் எழுதியது கசப்பானது: உதவியாளர் ஒட்டிக்கொண்டே இருந்தால் மற்ற பிள்ளைகள் கிட்டே வருவதில்லை, வகுப்பாசிரியரும் பொறுப்பை அவரிடமே விட்டுவிடுகிறார். எப்போது தள்ளி நிற்க வேண்டும் என்று தெரிந்த ஷேடோ டீச்சர் கிடைத்தால் விடாதீர்கள்.

கூடப் படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழி அதிகம் பேசப்படுவதில்லை. எனக்கு அதன்மேல்தான் நம்பிக்கை. ஆட்டிசம் ஆய்வாளர் கானி கசாரியின் குழு சாதாரணப் பள்ளிகளில் படித்த, ஆட்டிசம் உள்ள 60 பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வு 2012ல் வெளியானது. ஒரு வழியில் பெரியவர் ஒருவர் அந்தப் பிள்ளைக்கே மற்றவர்களோடு பழக நேரடியாகக் கற்றுக்கொடுத்தார். இன்னொரு வழியில் வகுப்புத் தோழர்கள் சிலருக்கு, தனித்து நிற்பவரை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று கற்றுக்கொடுத்தார்கள். ஆறு வாரம், மொத்தம் 12 அமர்வு, ஒவ்வொன்றும் 20 நிமிடம்தான். தோழர்களுக்குப் பயிற்சி கொடுத்த வகுப்புகளில், அந்தப் பிள்ளைகளை நண்பராகக் குறிப்பிட்டவர்கள் கூடினார்கள். மைதானத்தில் தனியே நிற்பதும் குறைந்தது. ஆட்டிசம் உள்ளவருக்கும் மற்றவருக்கும் இடையிலான புரியாமை ஒரு பக்கத்துக் குறை மட்டுமல்ல, இரண்டு பக்கமும் உள்ளது என்று ஆய்வாளர் டேமியன் மில்டன் எழுதியதும் அதே 2012ல்தான்.

வீட்டுக்கு வந்தால் கதை வேறு. பல் தேய்ப்பது, பை அடுக்குவது எல்லாம் தினமும் தானாக வரும் பயிற்சி. பிள்ளை தண்ணீர் கேட்க வாயெடுக்கும்போது உடனே நீட்டாமல், மனசுக்குள் பத்து எண்ணிப் பாருங்கள். பல நேரம் ஏழிலேயே கேட்டுவிடும். ஆனால் ஒரு சமயத்தில் ஒரு வேலை போதும். சாப்பாடு, குளியல், தூக்கம் எல்லாமே பாடமானால் பிள்ளைக்கு அம்மா போய் இன்னொரு டீச்சர்தான் மிஞ்சுவார். தெரபிஸ்ட் தரும் வீட்டுப்பாடத் தாள் நான்கு பக்கம் இருந்தால், “இந்த மாதம் இதில் எந்த ஒன்று?” என்று தயங்காமல் கேளுங்கள்.

அப்புறம் இன்னொன்றும் கேட்கலாம். வாரம் மூன்று செஷன் என்றால், ஒன்றை மட்டும் பள்ளியின் மதிய இடைவேளையில் வைத்துக்கொள்ள முடியுமா என்று. பட்டன் பலகை வேண்டாம், அவன் போட்டிருக்கிற சட்டையே போதும்.