2 ஆம்பியர் போதுமா? என்.சி.இ. பவர் கேப்: ஒரு மதிப்பீடு

டி.சி.சி. எனப்படும் டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறைக்கு மாற நினைக்கும் மாதிரி ரயில் ஆர்வலர்கள் முதலில் தடுமாறுவது, எத்தனை ஆம்பியர் திறனுள்ள கருவியை வாங்குவது என்ற கேள்வியில்தான். பாச்மன் ஈ-இசட் கமாண்ட் 1 ஆம்பியர், என்.சி.இ. பவர் கேப் 2 ஆம்பியர், டிஜிட்ராக்ஸ் ஸெஃபைர் எக்ஸ்பிரஸ் 3 ஆம்பியர், ரோகோவின் கறுப்பு நிற இசட்21 கருவி 3.2 ஆம்பியர், என்.சி.இ.யின் பவர் ப்ரோ வகைகள் 5 ஆம்பியர், 10 ஆம்பியர் என்று பட்டியல் நீளும்போது, பணம் இருந்தால் பெரியதையே வாங்கிவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. ஹெச்.ஓ. அளவில், அதாவது 16.5 மில்லிமீட்டர் தண்டவாள அகலத்தில் அமைந்த என் லேஅவுட்டில் (மாதிரி ரயில் அமைப்பில்) பவர் கேப் என்ற கைக்கருவியைப் பயன்படுத்திவருகிறேன். ஓர் அறைக்குள் அடங்கும் லேஅவுட்டுக்கு அது போதும் என்பதும், 5 ஆம்பியரை முதல் நாளே வாங்குவது நன்மையைவிடத் தொல்லையையே தரும் என்பதும் என் கருத்து.

முதலில் ஒரு தவறான அச்சத்தை நீக்கிவிட வேண்டும். 1 ஆம்பியர் திறனுள்ள டீகோடர் (டிஜிட்டல் கட்டளைகளைப் படித்து மோட்டாரை இயக்கும் சிறு மின்சுற்று) பொருத்திய எஞ்சினை 5 ஆம்பியர் பூஸ்டர் (தண்டவாளத்துக்கு மின்சாரம் ஊட்டும் பகுதி) எரித்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பூஸ்டர் தண்டவாளத்தில் மின்னழுத்தத்தை மட்டுமே நிறுத்திவைக்கிறது. மின்னோட்டத்தை எஞ்சின் தன் தேவைக்கு ஏற்ப இழுத்துக்கொள்கிறது. ஆகவே சரியாக ஓடும் வண்டிக்கு, பின்னால் இருப்பது 2 ஆம்பியரா 10 ஆம்பியரா என்பது தெரியவே தெரியாது. வேறுபாடு தெரியவருவது தவறு நேரும்போதுதான். அதைப் பின்னால் பார்ப்போம்.

தேவை எவ்வளவு என்பதை அலமாரியில் உள்ள எஞ்சின்களை எண்ணிக் கணக்கிடக் கூடாது. ஒரே நேரத்தில் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் இழுப்பவை எவையெவை என்று பார்க்க வேண்டும். இன்றைய ஹெச்.ஓ. எஞ்சின்கள், ஒலி டீகோடர் உள்ளவை உட்பட, சமதளத்தில் வண்டியை இழுக்கும்போது பொதுவாக 0.3 முதல் 0.5 ஆம்பியர் வரை எடுக்கும். பழைய திறந்த வகை மோட்டார் கொண்டவை 1 ஆம்பியரைத் தொடலாம். ஹெச்.ஓ.வைவிடச் சிறிய ‘என்’ (N) அளவு எஞ்சின்கள் இதில் ஏறக்குறைய பாதிதான். இவற்றை எல்லோரும் கணக்கில் எடுப்பார்கள். விடுபட்டுப்போவது, ஓடாமல் நிற்பவற்றின் செலவு. ஒலி டீகோடர் உள்ள எஞ்சின் பணிமனைத் தடத்தில் உறுமிக்கொண்டு நின்றாலும் சில பத்து மில்லி ஆம்பியர்களை உண்டுகொண்டிருக்கும். பழைய இழை பல்புகள் பொருத்திய பயணிகள் பெட்டி ஒவ்வொன்றும் 50 மில்லி ஆம்பியருக்கும் மேல் எடுக்கக்கூடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தனி எஞ்சினுடன் இரண்டு வண்டிகள், ஒவ்வொன்றும் 0.35 ஆம்பியர், இரட்டை எஞ்சினுடன் மேட்டில் ஏறும் சரக்கு வண்டி ஒன்று, 0.8 ஆம்பியர், ஆக 1.5. பல்பு எரியும் ஐந்து பெட்டிகள், 60 மில்லி ஆம்பியர் வீதம் 0.3. ஒலியுடன் நிற்கும் ஆறு எஞ்சின்கள், 50 மில்லி ஆம்பியர் வீதம் இன்னொரு 0.3. மொத்தம் 2.1 ஆம்பியர், பவர் கேபின் வரம்பைத் தாண்டிவிட்டது. இந்த இடத்தில்தான் பெரிய பூஸ்டருக்குப் பணம் கட்டப் பெரும்பாலோர் புறப்படுகிறார்கள். ஆனால் பெட்டிகளின் பல்புகளை எல்.ஈ.டி.யாக மாற்றினால், ஒன்றுக்கு 10 மில்லி ஆம்பியர் என்று கொண்டாலும், அந்த 0.3 வெறும் 0.05 ஆகிவிடும். பணிமனைத் தடங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்சை வைத்து, நிற்கும் எஞ்சின்களுக்கு மின்சாரத்தைத் துண்டித்தால் மற்ற 0.3 முழுவதும் மறைந்துவிடும். அதே லேஅவுட், அதே மூன்று வண்டிகள், 1.55 ஆம்பியர்.

இந்த எண்களை ஊகிக்க வேண்டியதில்லை என்பது பவர் கேபின் சிறப்புகளில் ஒன்று. தண்டவாளத்துக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கைக்கருவியின் திரையிலேயே காட்டவைக்கலாம். சாதாரண மல்டிமீட்டரால் டி.சி.சி. தண்டவாளத்தில் நேரடியாக அளப்பது நம்பத்தக்கதல்ல. டி.சி.சி. சமிக்ஞை என்பது மாறிமாறித் திசை திரும்பும் சதுர அலை. அதில் ‘ஒன்று’ என்ற பிட்டின் ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ விநாடி நீடிப்பதால், அதன் அதிர்வெண் 8 கிலோ ஹெர்ட்ஸைத் தாண்டுகிறது. நம் கையில் உள்ள மீட்டர் 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரத்தை மனத்தில் கொண்டு செய்யப்பட்டது. வேறு கருவி வைத்திருப்பவர்கள், அதன் அடாப்டர் நேர்மின்சாரம் தருவதாக இருந்தால், அடாப்டருக்கும் கருவிக்கும் இடையில் மீட்டரை டி.சி. நிலையில் வைத்து அளந்துகொள்ளலாம். கருவியின் சொந்தச் செலவும் அதில் சேர்ந்து வரும் என்பதை மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும்.

அடாப்டரைப் பற்றி ஒரு சொல். பூஸ்டரின் மேல் அச்சிட்டிருக்கும் ஆம்பியர், அதற்கு ஊட்டும் அடாப்டர் கொடுத்தால்தான் கிடைக்கும். லேபிளில் 18 வோல்ட், 36 வோல்ட்-ஆம்பியர் என்றிருந்தால் வகுத்துப் பாருங்கள், 2 ஆம்பியர்தான். கருவி 3 ஆம்பியர் தாங்கும் என்பதால் 3 ஆம்பியர் வந்துவிடாது.

இனி, 5 ஆம்பியர் தரும் தொல்லை. தண்டவாளத்தில் 15 வோல்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஷார்ட் சர்க்யூட் நேரும்போது பூஸ்டர் தன் வரம்பு மீறப்படுவதைக் கண்டுதான் மின்சாரத்தை நிறுத்தும். 2 ஆம்பியர் கருவியாக இருந்தால், ஷார்ட் நிகழும் பாதையின் மொத்த மின்தடை 7.5 ஓமுக்குக் கீழ் இருந்தாலே அது நின்றுவிடும். 5 ஆம்பியர் பூஸ்டர் நிற்பதற்கு அந்த மின்தடை 3 ஓமுக்குக் கீழ் வர வேண்டும். மெல்லிய வயரும் தளர்ந்த இணைப்புத் தகடுகளும் சேர்ந்து 4 ஓம் ஆகிவிட்டால், 3.75 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும்; பூஸ்டர் அதைப் பல எஞ்சின்கள் ஓடுவதாகவே எடுத்துக்கொள்ளும். அந்தப் பாதையில் வெளிப்படும் வெப்பம் 56 வாட். நாம் பற்றவைக்கப் பயன்படுத்தும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், பாயிண்டில் (தடங்கள் பிரியும் இடத்தில்) தடம் புரண்ட எஞ்சினின் சக்கரத்தை ஒட்டிய பிளாஸ்டிக் பக்கச்சட்டம் ஏன் உருகி வளைகிறது என்பது விளங்கும்.

ஆகவே பெரிய பூஸ்டரை வாங்குபவர் வயருக்கும் செலவு செய்தாக வேண்டும். லேஅவுட்டின் அடியில் ஓடும் முதன்மை வயராக, நம் மின்சாதனக் கடைகளில் வீட்டு வயரிங்குக்கு விற்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரே போதுமானது. 10 மீட்டர் ஓட்டத்தில், போக வர 20 மீட்டருக்கு அதன் மின்தடை 0.15 ஓம் அளவில்தான் இருக்கும். அதே தொலைவுக்கு 0.75 சதுர மில்லிமீட்டர் வயரைப் போட்டால் அது அரை ஓமைத் தாண்டும். 3 ஆம்பியர் ஓடும்போது ஒன்றரை வோல்ட் வழியிலேயே போய்விடும். முதன்மை வயரிலிருந்து மீட்டருக்கு ஒரு முறையாவது கிளை வயரைத் தண்டவாளத்தில் பற்றவைத்துவிட வேண்டும். இணைப்புத் தகடுகளை நம்பக் கூடாது. வயரிங் முடிந்ததும் ஒரு ரூபாய் நாணயத்தை இரண்டு தண்டவாளங்களின் மேலும் படும்படி வைத்துக்கொண்டே லேஅவுட் முழுவதும் சென்று பாருங்கள். வைத்த உடனே எந்த இடத்தில் பூஸ்டர் நிற்கவில்லையோ அந்த இடத்தில் கிளை வயர் போதவில்லை. இந்தச் சோதனையில் தேறாத லேஅவுட்டுக்கு 5 ஆம்பியர் தருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பவர் கேபின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். கட்டளைகளை உருவாக்கும் கட்டுப்பாட்டு நிலையம், பூஸ்டர் இரண்டும் கைக்கருவிக்குள்ளேயே இருப்பதால், அதன் வயரை லேஅவுட்டின் இணைப்புப் பலகையிலிருந்து பிடுங்கினால் லேஅவுட் முழுவதும் நின்றுவிடும். வண்டியோடு நடந்து சென்று வேறிடத்தில் செருகி ஓட்ட வழியில்லை. ஷார்ட் நேரும்போது கருவியே அணைந்து மறுபடி தொடங்குவதும் உண்டு. இருவர் சேர்ந்து ஓட்டும்போது ஒருவரின் தவறு இருவரையும் நிறுத்துகிறது. டீகோடரை நிரலாக்கத் தனி வெளியீடு கிடையாது. அந்த நிலைக்குப் போகும் முன், தண்டவாளத்தில் ஓர் எஞ்சினை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துவிட வேண்டும். மறந்தால் எல்லா எஞ்சின்களுக்கும் ஒரே முகவரி (எஞ்சினை அடையாளம் காட்டும் எண்) விழுந்துவிடும். இவற்றில் முதல் குறை மட்டுமே எனக்கு உண்மையில் உறுத்துகிறது.

நல்ல வேளையாக, இந்தக் கருவி முட்டுச்சந்து அல்ல. தேவை வளர்ந்தால் அதே நிறுவனத்தின் எஸ்.பி.5 என்ற 5 ஆம்பியர் பூஸ்டரை வாங்கி இணைக்கலாம். அப்போது கட்டுப்பாட்டு நிலையத்தின் வேலையை எஸ்.பி.5 எடுத்துக்கொள்ள, பவர் கேப் வெறும் கைக்கருவியாகிவிடுகிறது. பிடுங்கினாலும் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும். மேசை மேல் ஒரு துண்டுத் தண்டவாளத்துடன் பழைய இணைப்புப் பலகையை வைத்துக்கொண்டால், பவர் கேபை அங்கே செருகி நிரலாக்கத்துக்கும் பயன்படுத்தலாம். வாங்கிய பொருள் வீணாகாத இந்த ஏற்பாட்டுக்காகவே, தொடக்கத்தில் சிறியதை வாங்கி அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று சொல்லத் தயங்க மாட்டேன்.

எஸ்.பி.5 வந்த பிறகு 5 ஆம்பியரையும் ஒரே பகுதிக்கு விட்டுவிடக் கூடாது. இரு தண்டவாளங்களிலும் இடைவெளி விட்டு லேஅவுட்டைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி சர்க்யூட் பிரேக்கர் வைத்து, அதன் வரம்பைப் பூஸ்டரின் வரம்பைவிடக் குறைவாக அமைக்க வேண்டும். ஒரு பகுதியில் தடம் புரண்டால் அந்தப் பகுதி மட்டும் நிற்கும். பிரேக்கர் வாங்கும்போது, ஒலி டீகோடர்களின் தொடக்க இழுப்பைத் தாங்கக்கூடியதா என்று பார்த்து வாங்குங்கள். ஷார்ட் நீங்கி மின்சாரம் திரும்பும் நொடியில் அந்தப் பகுதியிலுள்ள டீகோடர்களின் மின்தேக்கிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிரம்ப முயலும். அதையே இன்னொரு ஷார்ட் என்று எண்ணி பிரேக்கர் மறுபடி மறுபடி துண்டித்துக்கொண்டிருப்பது, ஒலி எஞ்சின்கள் நிறைந்த லேஅவுட்டுகளில் அடிக்கடி காணும் காட்சி. இரண்டாவது பூஸ்டர் சேர்ப்பவர்கள், இரண்டின் வெளியீட்டு வயர்களும் ஒரே முறையில் இணைக்கப்பட்டுள்ளனவா என்று சரிபார்க்க வேண்டும். மாறியிருந்தால் எல்லையைக் கடக்கும் ஒவ்வொரு எஞ்சினும் ஷார்ட் உண்டாக்கும்.

ஹெச்.ஓ.வைவிடப் பெரிய ‘ஓ’ (O) அளவு அல்லது 45 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும் தோட்ட ரயில் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன ஆம்பியர் கணக்கு பொருந்தாது. அங்கே ஒரே எஞ்சின் 2 ஆம்பியரைத் தாண்டி இழுக்கக்கூடும். அவர்கள் பவர் கேபையும் எஸ்.பி.5ஐயும் தாண்டி, 10 ஆம்பியர் வகைகளில் தொடங்குவதே சரி. ‘என்’ (N) அளவில் சிறிய வட்டத் தடம் வைத்திருப்பவர்களோ, பவர் கேபின் 2 ஆம்பியரில் பாதியைக்கூட எட்டுவது அரிது.