செம்பருத்தி, கிரீன் டீ, ஆவாரம்பூ, சுக்கு: எந்த டம்ளருக்கு என்ன ஆதாரம்?

அம்மாவுக்குச் சர்க்கரை, எனக்கு ரத்த அழுத்தம். இது தெரிந்ததிலிருந்து எங்கள் மேற்கு மாம்பலம் வீட்டுக்கு வருகிறவர்கள் பழத்துக்குப் பதில் மூலிகை டீ பாக்கெட்டோடு வருகிறார்கள். அலமாரியில் நான்கு சேர்ந்துவிட்டன. நான்கையும் தினமும் குடிக்க முடியாது. எதை வைத்துக்கொள்வது என்று பார்க்க உட்கார்ந்தேன். மனிதர்களிடம் சோதித்தார்களா, எந்தச் செடியை, எவ்வளவு கொடுத்தார்கள் என்பதுதான் என் கேள்வி. (நிலவேம்புக் குடிநீரை இதில் சேர்க்கவில்லை. ஒன்பது சரக்கு சேர்ந்த சித்த மருந்து அது, மாலை நேரப் பானம் இல்லை.)

முதலில் செம்பருத்தி, ஏனென்றால் இங்கேதான் குழப்பம் அதிகம். 'ரத்த அழுத்தம் குறையும்' என்று அட்டையில் போட்டிருந்தது. அப்படி ஓர் ஆய்வு உண்மையிலேயே உண்டு. 2010-இல் வெளியானது, அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்தது. ரத்த அழுத்தம் லேசாக ஏறியிருந்த, அதற்கு மாத்திரை எடுக்காத 65 பேர். ஒரு பிரிவுக்கு தினம் மூன்று கப் டீ, இன்னொரு பிரிவுக்கு அதே மாதிரி நிறமும் சுவையும் உள்ள வெறும் பானம். ஆறு வாரத்தில் டீ குடித்தவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரியாக 7.2 புள்ளி இறங்கியது, மற்றவர்களுக்கு 1.3 புள்ளி. நல்ல முடிவுதான்.

ஆனால் அவர்கள் கொடுத்தது நம் வாசலில் பூக்கிற செம்பருத்தியை அல்ல. அதே குடும்பத்துப் புளிச்சக்கீரைச் செடியின் காயைப் பொத்தியிருக்குமே, தடித்த சிவப்பு இதழ், அதைக் காயவைத்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் புழங்குவதால் அந்த ஆய்வின் பலன் இந்தப் பூவின் அட்டைக்கு வந்து ஒட்டிக்கொண்டது. பாரிமுனையில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் அந்தச் சிவப்பு இதழைக் கேட்டு வாங்கி, இரண்டையும் தனித்தனி டம்ளரில் போட்டு வெந்நீர் ஊற்றினேன். செம்பருத்தி மெல்லிய இதழாகப் பிரிந்து தண்ணீரை ஊதா நிறமாக்கியது. வாயில் வைத்தால் புளிப்பே இல்லை. எலுமிச்சை பிழிந்த பிறகுதான் சிவந்தது. புளிச்சக்கீரை இதழோ ஊற்றியதுமே ரத்தச் சிவப்பு, நாக்கைக் கூசவைக்கும் புளிப்பு. உங்கள் வீட்டுப் பாக்கெட்டில் இருப்பது எது என்று இப்படியே பார்த்துக்கொள்ளலாம். செம்பருத்தி கெட்டது என்று சொல்லவில்லை, அந்த 7.2 அதனுடையது அல்ல என்கிறேன். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் புளிச்சக்கீரை டீ தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்து அழுத்தம் அளவுக்கு மேல் இறங்கிவிடக் கூடாது.

கிரீன் டீக்கு ஆய்வு ஏராளம். ஜப்பானில் 40,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நிறையக் குடித்தவர்களிடையே இதய, ரத்தக் குழாய் நோய்ச் சாவு குறைவாக இருந்தது. அது ஒரு தொடர்பைக் காட்டுகிறதே தவிர, டீதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. உடல் எடை விஷயத்தில் ஏமாற்றம்தான். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்ட குறைவு, உடல்நலத்துக்குப் பொருட்படுத்தும் அளவில் இல்லை. டீயாகக் குடிப்பதில் பயமில்லை. ஆனால் அதன் சாரத்தைச் செறிவாக்கி மாத்திரையாக விற்பது வேறு கதை. அதில் இருக்கும் EGCG என்ற பொருள் தினம் 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் போனால் கல்லீரலைப் பாதிக்கலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. அப்புறம், ரத்தசோகை உள்ள பெண்கள் சாப்பாட்டோடு டீ குடிக்க வேண்டாம். கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை டீ தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

ஆவாரம்பூ பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஆனால் அழுத்திச் சொல்ல வேண்டியது இருக்கிறது. 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று கேட்டே வளர்ந்தோம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, சர்க்கரை குறைந்ததாக 2002-இல் எழுதினார்கள். எலிக்குக் குறைந்ததை வைத்து அம்மாவின் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்த முடியுமா? எங்கள் தெருவில் ஒருவர் நிறுத்தினார். மூன்றே மாதத்தில் காலில் புண்ணோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். நிறத்துக்காகவும் மணத்துக்காகவும் குடியுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கடைசியில் சுக்கு. என் ஓட்டு இதற்குத்தான். இரவில் சைக்கிளில் கேன் கட்டி விற்பவர்களிடம் நாம் சளிக்காக வாங்கிக் குடிக்கிறோம். ஆனால் ஆய்வு பலமாகப் பேசுவது குமட்டலைப் பற்றி. கர்ப்பிணிகளின் மசக்கைக்கு, தினம் ஒரு கிராம் அளவில், பல சோதனைகளில் பலன் தெரிந்திருக்கிறது. புற்றுநோய்க்கு கீமோதெரபி எடுத்த 576 பேரிடம் நடந்து 2012-இல் வெளியான சோதனையிலும் இஞ்சி கேப்சூல் குமட்டலைக் குறைத்தது. இஞ்சியைக் காயவைக்கும்போது அதன் காரப்பொருளில் ஒரு பகுதி வேறொன்றாக மாறுகிறது. சுக்கின் உறைப்பு அதனால்தான் வேறு மாதிரி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் அளவோடு இருக்க வேண்டும்.

ஒரே சிக்கல் கருப்பட்டி. சர்க்கரை நோயாளிக்கு அதுவும் சர்க்கரைதான். அம்மா இப்போது அது இல்லாமல் குடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறார். மல்லியை மட்டும் இன்னும் ஒரு ஸ்பூன் கூட்டிப் போடச் சொல்கிறார்.