அன்றைய புனிதரா, அன்றைய நற்செய்தியா, இரவில் ஆத்தும சோதனையா?

போன மாதம் எங்கள் அன்பியக் கூட்டம் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் கூட்டம்) முடிந்து செருப்பு மாட்டும்போது ஒரு தங்கச்சி கேட்டாள்: "அக்கா, எனக்குத் தினமும் கால் மணி நேரந்தானுங்க கிடைக்குது. புனிதர் வரலாறு படிக்கட்டுங்களா, பைபிள் படிக்கட்டுங்களா, இல்ல ஜெபமாலையே போதுங்களா?" வாசலில் நின்று நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. இவை எல்லாவற்றையும் வருடக்கணக்கில் செய்து பார்த்தவள் நான். சோமனூர் பக்கம் தறிக்குடோனோடு ஒட்டிய வீடு. எட்டுத் தறி ஓடும் சத்தத்துக்குள் எது தாக்குப்பிடிக்கிறது என்பதை வைத்துத்தான் என்னால் ஒப்பிட முடியும்.

திருச்சபை நாட்காட்டியில் அந்தந்த நாளுக்குரிய புனிதரின் வரலாற்றை வாசிப்பதுதான் பலருக்கும் முதலில் பிடிக்கும். எனக்கும் அப்படித்தான். விடிகாலை போனில் வந்துவிடும், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நம்மைப் போலவே உடம்பு வளைத்து உழைத்தவர்கள் பீடத்தில் இருக்கிறார்கள் என்று தெரிவதே ஒரு தெம்பு. மே 15 வந்தால் புனித இசிதோர். மாட்ரிட் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டிய கூலியாள். காங்கேயம் காளை பூட்டி உழுத எங்கள் அப்பாருவுக்கு (தாத்தாவுக்கு) அவரை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது. ஜனவரி 14 வந்தால் புனித தேவசகாயம். நட்டாலத்தில் 1712-ல் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் பணி செய்து, 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். 2022-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் வைத்துக் காப்புக் கட்டும் பொங்கல் பரபரப்பில் அவர் நாள் வந்து போகும்.

வந்து போகும் என்பதுதான் இந்த வழியில் எனக்குள்ள மனக்குறை. ஒரு முழு வருடம் நாள் தவறாமல் வாசித்தேன். தவக்காலத்தில் என் மகன் "அம்மா, நேத்து யாரு?" என்று கேட்டான். பெயர் நினைவில் இல்லை. முந்தாநாள் யார் என்பதும் இல்லை. வியந்தேன், அடுத்தவருக்கு அனுப்பினேன், அதோடு சரி.

இத்தனைக்கும் புனிதர் வரலாறு ஒரு மனிதனை அடியோடு மாற்றும். பின்னாளில் இயேசு சபை என்ற துறவற சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார், படைவீரராக இருந்தபோது 1521-ல் பம்பலோனா கோட்டைப் போரில் குண்டடிபட்டுக் கால் உடைந்து படுத்தார். வீரசாகசக் கதை கேட்டார். அந்த வீட்டில் கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான் இருந்தன. படுக்கையில் மாதக்கணக்கில் அவற்றையே திருப்பித் திருப்பிப் படித்தார். அப்போது ஒன்றைக் கவனித்தார். போரும் பெருமையுமாகக் கனவு கண்டால் அந்த நேரம் இனிக்கிறது, பிறகு மனசு காய்ந்துபோகிறது. பிரான்சிஸ் போல, தோமினிக் போல வாழ்ந்தால் என்ன என்று நினைத்தால், நினைத்து முடித்த பிறகும் மகிழ்ச்சி தங்குகிறது. அவரை மாற்றியது படித்த பக்கங்களின் எண்ணிக்கை அல்ல, படித்தபின் உள்ளே தங்கியதைக் கவனித்ததுதான். அதனால் தினம் ஒரு புனிதர் என்பதை விட்டுவிட்டேன். மாதம் ஒருவர் போதும்.

அடுத்தது அன்றைய திருப்பலி நற்செய்தியை மெதுவாக வாசிப்பது. 12-ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியன் மடத்துத் துறவி இரண்டாம் குயிகோ இதை நான்கு படியாகச் சொன்னார்: வாசித்தல், தியானித்தல், செபித்தல், இறைவனில் இளைப்பாறுதல். வாசிப்பது வாயில் உணவை வைப்பது, தியானிப்பது மெல்லுவது என்பது அவர் கொடுத்த விளக்கம். நமக்கு இன்னும் பொருத்தமான சொல் இருக்கிறது: அசைபோடுதல். காட்டில் மேய்ந்த மாடு கட்டுத்தறிக்கு வந்து, கண்ணைப் பாதி மூடி, அவசரமே இல்லாமல் அசைபோடுகிறதே, அப்படி.

ஒரு அக்டோபர் செவ்வாய்க்கிழமை லூக்கா 10 வந்தது. வீட்டுக்கு வந்த இயேசுவுக்குப் பணிவிடை செய்து பரபரத்த மார்த்தாவிடம் அவர் சொல்கிறார்: "மார்த்தா, மார்த்தா! நீ பலவற்றைப் பற்றிக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்." அந்த ஒரு வரியைச் சீட்டில் எழுதி மூன்றாம் தறிப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். பாவு (தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்) தீரப்போகிறது, நூல் வரவில்லை, கூலிப் பணம் இரண்டு வாரமாக நிற்கிறது. தறி தறியாக நடந்துகொண்டே இருந்தேன். பத்து மணிக்குச் சீட்டைப் பார்த்தபோது அது என்னைத் திட்டுவதுபோல் இருந்தது. மத்தியானம் பார்த்தபோது வேறு ஒன்று பட்டது: ஆண்டவர் அவளை இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். திட்டுகிறவர்கள் அப்படிக் கூப்பிடுவதில்லை. என் அம்மிச்சிதான் (அம்மாவின் அம்மா) என்னை அப்படிக் கூப்பிடுவாள், நான் அழுதால். சாயங்காலம் சீட்டின்மேல் பஞ்சு படிந்து எழுத்து மறைந்திருந்தது. ஊதிவிட்டு மறுபடி வாசித்தேன்.

புனிதர் குறிப்பு எனக்கு இதைத் தந்ததில்லை. இன்னொரு நன்மையும் உண்டு. ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை சுற்றி வரும். பொதுக்காலத்து (தவக்காலம், கிறிஸ்துமஸ் போன்ற சிறப்புக் காலங்கள் அல்லாத) வார நாட்களில் முதல் வாசகம் இரண்டு ஆண்டுச் சுற்று. வார நாள் நற்செய்தி மட்டும் ஆண்டுதோறும் அதேதான். அடுத்த அக்டோபரில் மார்த்தா திரும்பி வருவாள், போன வருடம் எப்படி இருந்தேன் என்று காட்ட. சில நாள் எந்த வரியும் பிடிக்காது, உண்மைதான். அன்றைக்குத் திருப்பலியின் பதிலுரைப் பாடலில் வரும் பல்லவியைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

மூன்றாவது, இரவு ஆத்தும சோதனை, அதாவது அன்றைய நாளை ஆண்டவர் முன் திருப்பிப் பார்ப்பது. இஞ்ஞாசியார் ஐந்து படி வைத்தார்: நன்றி சொல்வது, ஒளி கேட்பது, நாளைத் திருப்பிப் பார்ப்பது, மன்னிப்பு கேட்பது, நாளைக்குத் தீர்மானம் எடுப்பது. இயேசு சபையார் நாளுக்கு இரண்டு தடவை, மதியமும் இரவும், செய்வார்கள். கொங்கு மண்ணுக்கு இது புதிதல்ல. 1623-ல் மதுரையிலிருந்து கிளம்பிச் சேந்தமங்கலம், சேலம் என்று வந்த இராபர்ட் தெ நொபிலியும் இயேசு சபைக்காரர்தானே.

காடாத்துணியை மடிக்கும் முன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். ஓடும்போது தெரியாத இழை விட்ட இடம் அப்போது தெரியும். இதுவும் அப்படித்தான். ஒரு நாள் தறி ஓட்டும் பெண் அரை மணி தாமதம். "அக்கா, பாப்பாவுக்குக் காய்ச்சலுங்க" என்றாள். காதில் வாங்காமல் எல்லார் முன்பும் பேசிவிட்டேன். காலையில் வாசித்த நற்செய்தி அதைத் தடுக்கவில்லை. இரவு நாளைத் திருப்பிப் பார்த்தபோது, அவள் அந்தப் பேச்சுக்குப் பிறகு நூல் பிணைத்த கை நடுங்கியது கண்முன் வந்தது. அப்போதே பார்த்திருக்கிறேன், பார்த்ததாக எனக்கே தெரியவில்லை. மறுநாள் அவளிடம் மன்னிப்பு கேட்டேன். குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னேன்.

ஆனால் எதற்கெடுத்தாலும் தன்னையே குற்றம் சொல்லும் மனசுக்கு இந்த வழி ஆபத்து. நன்றியைத் தாண்டி நேரே பாவத்துக்குப் போனால் இரவு முழுக்கத் தூக்கம் கெடும். அப்படிப்பட்டவர்கள் முதல் ஒரு மாதம் நன்றியோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

ஜெபமாலையை நான் போட்டியில் சேர்க்கவில்லை. கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னையின் கோயில் மணி கேட்டு வளர்ந்த எங்களுக்கு அது மூச்சு மாதிரி. தனியாகச் சொல்ல வராதவர்களுக்கு ஒரு ஆறுதல் மட்டும் சொல்லட்டும்: ஜெபமாலை மாதமான அக்டோபரின் முதல் நாளுக்குரிய புனிதை குழந்தை தெரசாளே, அதைத் தனியாகச் சொல்வது தனக்கு உடலை வருத்தத் துறவிகள் அணியும் ஒறுத்தல் கருவியைவிடக் கடினமாக இருந்தது என்று எழுதியிருக்கிறாள். செபத்தில் தூங்கிவிடுவதையும் மறைக்கவில்லை. தூங்கும் பிள்ளையும் விழித்திருக்கும் பிள்ளையும் பெற்றவர்களுக்கு ஒன்றுதான் என்றாள். 24 வயதில் இறந்து, திருச்சபையின் மறைவல்லுநர் (போதனையில் சிறந்தவர் என்று திருச்சபை தரும் பட்டம்) ஆனவள் அவள்.

ஆக, தங்கச்சிக்கு என் பதில்: கால் மணியில் பத்து நிமிடம் காலை நற்செய்திக்கு, ஒரே ஒரு வரி கையோடு. ஐந்து நிமிடம் இரவுக்கு. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் இரவை வைத்துக்கொள், ஏனென்றால் அதற்குப் புத்தகம் வேண்டாம், வெளிச்சம் வேண்டாம், கரண்ட் போனாலும் நடக்கும். நைட் ஷிப்டு ஓட்டுகிற வீட்டுக்காரருக்கு இதைத் திருப்பிப் போடு. காலை ஆறு மணிக்குத் தறியை நிறுத்தி, தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு டீ குடிக்கிறாரே, அதுதான் அவருக்கு இரவு.