கியர்பொக்ஸ் ஒழுக்கு: அட்டையா, பவுடரா, ஊதா விளக்கா?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயல்வட்டைகளுக்கு உரமும் நெல்லும் ஏற்றி ஓடும் கெப் (பிக்-அப்) வாகனத்தின் அடியில் ஒயில் சொட்டினால், கராஜில் முதலில் கேட்கும் பேச்சு "கியர்பொக்ஸை இறக்கிப் பார்ப்போம்" என்பதுதான். இறக்காமலே பார்க்க மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஒவ்வொன்றும் வேறு கேள்விக்கு விடை சொல்கிறது.

இரவில் வாகனத்தின் கீழ் அட்டைப்பெட்டியை விரித்து வைப்பது செலவில்லாத வழி. என் முதல் வாக்கு இதற்கே. எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடத்தின் அடியில் மூன்று வகைத் திரவம் ஒரே வாயால் சொட்டக்கூடும். டீசல் எஞ்சின் ஒயில் கன்னங்கரேலென்று இருக்கும். அப்படியானால் எஞ்சினின் பின் சீல் (ஒயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) போயிருக்கலாம். எஞ்சினின் மேல்மூடியான டெப்பட் கவரில் கசிந்து வழிந்து வந்ததாகவும் இருக்கலாம். கியர் ஒயில் தடிப்பானது, விரலில் தேய்த்து முகர்ந்தால் கந்தக நெடி அடிக்கும். தண்ணீர்போல் மெல்லியதாக, கழுவினால் உடனே போவது பிரேக் ஒயில்: அந்த ஒயிலால் இயங்கும் கிளட்சின் கீழ் சிலிண்டர் கசிகிறது. அது வெளியே பூட்டப்பட்ட வாகனத்தில் கியர்பொக்ஸைத் தொடவே தேவையில்லை. சில மாடல்களின் கியர்பொக்ஸுக்குச் சிவப்பு நிற ஒட்டோ கியர் ஒயில்தான் ஊற்றுவார்கள். வாகனத்தின் கைநூலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அட்டை சொல்லாதது, எங்கிருந்து என்பது. ஓடும்போது காற்று ஒயிலைப் பின்னுக்குத் தள்ளிவிடும். சொட்டும் இடம் கசியும் இடமல்ல. அடிப்பாகத்தை நன்றாகக் கழுவிக் காயவிட்டு, முகப்பவுடர் தூவி, கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடி வரை ஓடிவந்து பார்த்தால், ஈரம் பட்டவற்றில் ஆக மேலேயும் ஆக முன்னேயும் உள்ள புள்ளிதான் குற்றவாளி. ஆனால் மாரியில் இது வீண்வேலை. மட்டக்களப்பு மழையில் பவுடர் சேறாகிவிடும்.

அப்போது கைகொடுப்பது ஒயிலில் கலக்கும் ஒளிரும் சாயமும், அதைக் காட்டும் ஊதா (UV) விளக்கும். எஞ்சினுக்கோ கியர்பொக்ஸுக்கோ, ஒன்றுக்கு மட்டும் சாயம் விடவேண்டும். இரண்டிலும் விட்டால் எல்லாமே ஒளிர்ந்து எதுவும் விளங்காது. பகல் வெயிலில் பார்க்கவும் முடியாது. காசும் போகும். முதல் இரண்டும் முரண்பட்டால், அல்லது மாரியில் பவுடர் சரிவராவிட்டால் மட்டும் இதற்குப் போவேன்.

இவற்றுக்கெல்லாம் முன்னே, கியர்பொக்ஸின் மேலுள்ள காற்றுத் துளையைப் பாருங்கள். வாய்க்கால் இறங்கி ஏறும் வாகனத்தில் அதைச் சேறு அடைத்துவிடும். சூடேறிய காற்று வெளியேற வழியின்றி நல்ல சீலையும் தள்ளிக்கொண்டு ஒயில் வரும். புது சீல் போட்டும் ஒழுக்கு நிற்கவில்லை என்பவர்கள் பலர் இதைப் பார்த்ததே இல்லை.

கியர்பொக்ஸின் பின்பக்க சீல் கசிந்தால், பின்சில்லுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டான புரொப்பலர் சாவ்டைக் கழற்றினாலே போதும். கழற்றுமுன் அந்தத் தண்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். அதைத் தாங்கும் புஷ் தேய்ந்து ஆடினால் சீல் மட்டும் மாற்றிப் பயனில்லை. முன்பக்க சீல் என்றால்தான் இறக்கவேண்டும். அந்தக் கூலியோடேயே எஞ்சினின் பின் சீலையும் கிளட்ச் பெயரிங்கையும் மாற்றச் சொல்லுங்கள்.